‘ஆம்’ போடச் சொன்ன வகுப்பு

முதன்முதலாக ஏழாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கப் போனபோது கையில் ஒரு தாள் கொண்டுபோனேன். முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதியது. ‘வகுப்பறை விதிகள்’ என்று தலைப்பு, அதன் அடியில் ஸ்கேல் வைத்து இழுத்த இரட்டைக் கோடு. மொத்தம் 14 விதிகள். மணி அடித்து 2 நிமிடத்துக்குள் இடத்தில் இருக்க வேண்டும். நோட்டுக்கு அட்டை போட வேண்டும். மார்ஜின் விட வேண்டும். தலைப்புக்குக் கறுப்பு மை, விடைக்கு நீலம். கை தூக்காமல் பேசக் கூடாது. இப்படியே போகும். வாசித்து முடித்து, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண், விதிப்படி, கை தூக்கினாள்.

“மிஸ், இது எல்லாமே கணக்கு கிளாஸ்லயும் இருக்கு. ஹிஸ்டரிக்குன்னு எது மிஸ்?”

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. “உட்காரும்மா, போகப் போகத் தெரியும்” என்று சமாளித்தேன். எனக்கும் போகப் போகத்தான் தெரிந்தது.

அந்தத் தாளில் இருந்தவை தப்பு என்று சொல்ல மாட்டேன். 12 வயதுப் பிள்ளைகள் 40 பேர் இருக்கிற அறையில் கொஞ்சம் அமைதி வேண்டும், கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். ஆனால் அவை என் வசதிக்கான விதிகள். பாடத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. வரலாறு என்ற படிப்புக்கு அதற்கென்றே சில கட்டுப்பாடுகள் உண்டு. அந்தக் கட்டுப்பாடுகளையே வகுப்பின் விதிகளாக வைத்தால் என்ன என்று தோன்றுவதற்கு எனக்கு மூன்று வருடம் பிடித்தது. இப்போது என் வகுப்பில் இருக்கும் விதிகளை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது ரப்பருக்கும் வைட்னருக்கும் தடை. தப்பாக எழுதிவிட்டால் குறுக்கே ஒரே ஒரு கோடு. அடித்தது என்ன என்று படிக்க முடிய வேண்டும். பெற்றோருக்கு இது பிடிக்கவே இல்லை. “நோட்டு அசிங்கமா இருக்கே மிஸ்” என்பார்கள். அசிங்கமாகத்தான் இருக்கும்.

பிள்ளைகளுக்குக் காரணம் சொல்ல நான் எடுத்துக்கொண்டது ஒரு தோல் சுவடியின் கதை. ஆர்க்கிமிடீஸ் எழுதிய சில நூல்களை 10ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் ஒருவர் பிரதி எடுத்தார். 13ஆம் நூற்றாண்டில் வேறொருவருக்குப் பிரார்த்தனைப் புத்தகம் எழுதத் தோல் தேவைப்பட்டது. பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு, தோலைக் குறுக்குவாட்டில் திருப்பிப் போட்டு, அதன்மேல் ஜெபங்களை எழுதிவிட்டார். 1906இல் ஹைபர்க் என்ற டென்மார்க் அறிஞர் அந்த ஜெபப் புத்தகத்தைப் பார்த்தபோது, வரிகளுக்கு அடியில் மங்கலாக ஆர்க்கிமிடீஸ் தெரிந்தார். அதில் ஒரு நூலுக்கு உலகத்தில் வேறு எங்குமே கிரேக்கப் பிரதி கிடையாது. நூறு வருடம் கழித்து, மையில் இருந்த இரும்பை எக்ஸ்ரே கதிரால் தேடிப் பிடித்துத்தான் மிச்சப் பக்கங்கள் சிலவற்றைப் படித்தார்கள்.

“என்கிட்ட எக்ஸ்ரே மெஷின் இல்ல. அதனால கோடு மட்டும் போடு” என்றேன். சிரித்தார்கள். விதி நின்றுவிட்டது.

அதன் பலன் எனக்குத்தான் அதிகம். ஒரு பையன் ரோமப் பேரரசு ஏன் சரிந்தது என்ற கேள்விக்கு “வெளியிலிருந்து வந்த கூட்டங்கள் தாக்கியதால்” என்று எழுதி, அதை அடித்து, “உள்ளே பலவீனமானதால்” என்று எழுதி, அதையும் பாதி அடித்து, “உள்ளே பலவீனமாக இருந்தபோது வெளியிலிருந்து தாக்கியதால்” என்று முடித்திருந்தான். பழைய மாதிரி ரப்பர் போட்டிருந்தால் மூன்றாவது வரி மட்டும்தான் என் கைக்கு வந்திருக்கும். கைடைப் பார்த்து எழுதினானோ என்றுகூட நினைத்திருப்பேன். அந்தக் கிறுக்கலில் ஒரு பிள்ளை யோசிப்பது தெரிந்தது. விடைக்கு 3 மதிப்பெண், அடித்ததற்கு 1 என்று போட்டேன். அடித்ததற்கெல்லாம் மார்க்கா என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் சிரித்தார். சிரிக்கட்டும்.

இரண்டாவது, ‘ஆம்’ விதி. இதுதான் எனக்கு மிகவும் செல்லமானது.

ஜார்ஜ் வாஷிங்டன் சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு, “என்னால் பொய் சொல்ல முடியாது, நான்தான் வெட்டினேன்” என்று ஒப்புக்கொண்ட கதையை ஒரு பெண் வகுப்பில் சொன்னாள். நன்றாகச் சொன்னாள். முடித்ததும் நான் கேட்டேன்: “எப்படித் தெரியும்?” புத்தகத்தில் படித்தேன் என்றாள். அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு எப்படித் தெரியும்? முழித்தாள். வாஷிங்டன் இறந்தது 1799இல். அவருடைய வாழ்க்கையை எழுதிய மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார் இந்தக் கதையைச் சேர்த்தது 1806இல் வந்த பதிப்பில். அதற்கு முன் இந்தக் கதை எந்தப் பதிவிலும் இல்லை. பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுக்க ஒரு பொய்யைக் கட்டியிருக்கிறார் மனிதர்.

அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன்: “கதையைச் சொல்லாதேன்னு சொல்லல. கடைசியில ஒரு ‘ஆம்’ போட்டுச் சொல்லு. வெட்டினாராம். ஒத்துக்கிட்டாராம்.” சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. நம் மொழி இந்த வசதியைக் கையில் கொடுத்து வைத்திருக்கிறது. பாட்டி கதை சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு வருமே, ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம் என்று, அந்த ‘ஆம்’ சொல்வது ஒன்றுதான்: நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன், பொறுப்பு என்னுடையது இல்லை. ஆங்கிலம் போன்ற மொழிக்காரர்கள் ‘சொல்லப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’ என்று நீட்டி முழக்க வேண்டியதை நாம் ஒரே எழுத்துக் கூட்டத்தில் முடித்துவிடுகிறோம். அதே ‘ஆம்’ தனியாக நின்றால் சம்மதம், வாலாக ஒட்டினால் சந்தேகம். இதைவிட நல்ல வரலாற்றுக் கருவியை நான் எங்கே தேடுவது?

அன்றிலிருந்து இதுதான் விதி. ஆதாரத்தைக் காட்ட முடிந்தால் ‘செய்தார்’. முடியாவிட்டால் ‘செய்தாராம்’. பேச்சிலும் சரி, நோட்டிலும் சரி. ‘ஆம்’ போட்டதற்காக யாருக்கும் மதிப்பெண் குறையாது. போட வேண்டிய இடத்தில் போடாமல் விட்டால் குறையும்.

இதில் ஒரு விபத்தும் நடந்தது. ஆண்டுத் தேர்வை வேறொரு ஆசிரியர் திருத்தினார். என் வகுப்புப் பிள்ளைகளில் ஆறேழு பேர் ஓர் அரசரைப் பற்றி ‘பிறந்தாராம், போரிட்டாராம், தோற்றாராம்’ என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார்கள். சந்தேகமே இல்லாத விஷயத்துக்கும் ‘ஆம்’. திருத்தியவர் ஒவ்வொரு ‘ஆம்’முக்கும் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். விடைத்தாளில் அம்மை போட்ட மாதிரி இருந்தது. தப்பு என்னுடையதுதான். சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்தேன், எப்போது சந்தேகத்தை விட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. கல்வெட்டு, காசு, கடிதம், அந்தக் காலத்தவர் எழுதிய குறிப்பு என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சான்றுகள் ஒரே விஷயத்தைச் சொன்னால் ‘ஆம்’ என்பதைக் கழற்றிவிடலாம் என்று அடுத்த வருடம் சேர்த்தேன். ஆராய்ச்சியாளர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா தெரியாது. 12 வயதுக்கு இது போதும்.

மூன்றாவது விதி, ‘பட்டது’ வந்தால் ‘யார்’ வர வேண்டும். பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கண்டுபிடிக்கப்பட்டது, கைப்பற்றப்பட்டது, ஒடுக்கப்பட்டது, கொல்லப்பட்டனர். செய்தவர்கள் காணாமல் போயிருப்பார்கள். காரியம் மட்டும் தானாக நடந்தது போலக் கிடக்கும். ஒரு பக்கத்தில் எத்தனை ‘பட்ட’ இருக்கிறது என்று பென்சிலால் சுழிக்கச் சொன்னேன். 11 கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘யாரால்?’ என்று எழுதி, பதில் கண்டுபிடிக்கச் சொன்னேன். 1492இல் அமெரிக்கா கண்டுபிடிக்கப்பட்டது என்ற வரியில் ஒரு பையன் மாட்டிக்கொண்டான். “கொலம்பஸால” என்றான். பக்கத்தில் இருந்தவள், “அங்க ஏற்கெனவே இருந்தவங்களுக்கு அது தொலைஞ்சே போகலியே” என்றாள். அந்த ஒரு வரியிலேயே முழு பீரியடும் போய்விட்டது. அன்றைக்கு முடிக்க வேண்டிய பாடம் முடியவில்லை.

‘யார்’ என்பதோடு ‘யாரிடம்’ என்பதையும் பிறகு சேர்த்துக்கொண்டேன். அதற்கு அசோகர் காரணம். கலிங்கப் போரில் 1,50,000 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், அதற்கும் பல மடங்கு மடிந்தார்கள் என்று அவரே 13ஆம் பாறைக் கல்வெட்டில் வருத்தத்தோடு சொல்கிறார். வென்ற அரசன் வருந்தி எழுதியது என்பதால் எல்லோருக்கும் அந்தக் கல்வெட்டு பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். கிர்நாரில் இருக்கிறது, கால்சியில் இருக்கிறது, இன்றைய பாகிஸ்தானின் ஷாபாஸ்கரியில் இருக்கிறது. ஆனால் கலிங்கத்துக்கு உள்ளே இருக்கிற தௌலியிலும் ஜௌகடாவிலும் அது இல்லை. அந்த இரண்டு பாறைகளிலும் அதற்குப் பதிலாக வேறு கட்டளைகள் பொறித்திருக்கிறார்கள். இதைப் போர்டில் எழுதிவிட்டு நான் எதுவும் சொல்லவில்லை. காத்திருந்தேன்.

காத்திருப்பதும் ஒரு விதி, ஆனால் அது எனக்கான விதி. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக 1 விநாடி அளவுதான். அதை 3 விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். 3 விநாடி என்பது சொல்லும்போது ஒன்றுமில்லை. 40 ஜோடிக் கண்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது ஒரு யுகம். நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். அன்றைக்கும் எண்ணினேன். ஒரு பையன் மெதுவாக, “செத்தவங்க வீட்டுக்காரங்களே அங்க இருப்பாங்கல்ல மிஸ்” என்றான். இன்னொருத்தி, “அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே, எதுக்கு எழுதணும்?” என்றாள். வேறொருவன், “பயமா இருந்திருக்கும், திரும்பிச் சண்டைக்கு வந்துட்டா?” என்றான். மூன்றுக்கும் ‘ஆம்’ போடச் சொன்னேன். அசோகர் ஏன் அப்படிச் செய்தார் என்று எந்தப் பாறையிலும் எழுதி வைக்கவில்லை.

‘நாம்’ விதி சின்னது. கடந்த காலத்தைப் பற்றி எழுதும்போது ‘நாம் வென்றோம்’, ‘அவர்கள் நம்மை ஏமாற்றினார்கள்’ என்று எழுதக் கூடாது, யார் என்று பெயர் சொல்ல வேண்டும். ஒரு தடவை, “நீ எந்தப் படையில இருந்தே?” என்று ஒருவனைக் கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது, அவன் சுருங்கிப் போனான். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். ‘நாம்’ என்றால் கேட்பவனையும் சேர்த்துக்கொள்கிறோம், ‘நாங்கள்’ என்றால் அவனை வெளியே நிறுத்துகிறோம். நீ எழுதிய ‘நாம்’ என்பதற்குள் உன் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பவன் இருக்கிறானா? பார்த்துவிட்டுச் சொல். பெரும்பாலும் பார்த்துவிட்டுத் தாமாகவே அடித்துவிடுவார்கள், ஒரே கோட்டில்.

காப்பி அடிப்பது எல்லா வகுப்பிலும் குற்றம்தான். வரலாற்று வகுப்பில் அதைப் பிடிப்பது மட்டும் எனக்கு ஒரு சந்தோஷம், ஏனென்றால் அதுவே பாடம். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி 4ஆம் நூற்றாண்டில் மேற்குப் பேரரசின் அதிகாரத்தைப் போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்தார் என்று ஓர் ஆவணம் பல நூற்றாண்டுகள் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. 1440இல் லொரென்சோ வல்லா என்ற லத்தீன் புலவர் அதைப் போலி என்று நிறுவினார். சாட்சி எது? சொற்கள்தான். ரோம ஆவணத்தில் ‘சத்ரப்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது, அது பாரசீக ஆளுநர்களைக் குறிப்பதாயிற்றே, கான்ஸ்டன்டைன் காலத்து ரோமில் யார் அப்படி எழுதுவார்கள் என்று பிடித்துக்கொண்டார்.

நானும் அதைத்தான் செய்கிறேன். ‘காரணம்’ என்பதற்கு ‘காரனம்’ என்று எழுதுகிற பையன் திடீரென்று ‘பொருளாதாரக் கட்டமைப்பின் உள்முரண்கள்’ என்று எழுதினால் அதுதான் அவன் நோட்டில் வந்த ‘சத்ரப்’. முன்பு கைடில் இருந்து வந்தது, இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியில் இருந்து வருகிறது. முன்பெல்லாம் முட்டை மார்க் போட்டு, டைரியில் எழுதி, வீட்டுக்கு அனுப்பினேன். அழுதார்கள், அடுத்த மாதம் இன்னும் சாமர்த்தியமாகக் காப்பி அடித்தார்கள். இப்போது பக்கத்தில் உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்கிறேன். ‘உள்முரண்’னா என்னடா? எந்த வருஷத்தைப் பத்திச் சொல்றே? இதை உன் தம்பிக்கு எப்படிச் சொல்லுவே? தம்பிக்குச் சொன்னதை அப்படியே எழுதிக்கொடு, அதற்குத்தான் மதிப்பெண். சில சமயம் பையன் மூன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிடுவான். அப்போது மன்னிப்புக் கேட்க வேண்டியது நான். இரண்டு தடவை கேட்டிருக்கிறேன்.

தாமதமாக வரும் வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் மேலே உண்மையான தேதி போட வேண்டும். செவ்வாய்க்கிழமை எழுதிவிட்டு வெள்ளிக்கிழமைத் தேதி போட்டால் அதற்குத்தான் தண்டனை. ஒரு புத்திசாலி, “1582இல அக்டோபர் 4க்கு அடுத்த நாளே 15ன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க, அதுமாதிரி எனக்கும் 10 நாள் தள்ளிக்கலாமா?” என்றான். நாள்காட்டியைத் திருத்த போப் 13ஆம் கிரிகோரி ஆணை போட்டார், உன் நோட்டுக்கு யார் ஆணை போட்டது என்று கேட்டேன். அவனுக்கு மட்டும் 2 நாள் கூடுதலாகக் கொடுத்தேன். பாடத்தை ஞாபகம் வைத்திருந்ததற்கு.

கடைசி விதியைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, அது என் தவறிலிருந்து வந்தது.

அடிமை வணிகம் பாடம். 1788இல் வெளியான ‘புரூக்ஸ்’ என்ற லிவர்பூல் கப்பலின் படம் பலருக்கும் தெரிந்திருக்கும். கப்பலின் அடித்தளத்தில் மனித உருவங்களைத் தீக்குச்சிகள் போல அடுக்கிக் காட்டும் படம். சட்டப்படி 454 பேரை ஏற்றலாம். ஓர் ஆணுக்கு 6 அடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம். ஒரு சிறுவனுக்கு 5 அடி நீளம், 1 அடி 2 அங்குலம். எண்ணாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது என்று நினைத்து, பெஞ்சுகளை ஒதுக்கி, தரையில் சாக்பீஸால் கட்டங்கள் வரைந்து, அதில் படுக்கச் சொன்னேன். அனுபவித்தால்தானே புரியும் என்று யாரோ பயிற்சியில் சொன்னது மனதில் இருந்தது.

முதல் ஒரு நிமிடம் அமைதி. பிறகு ஒருவன் பக்கத்தவனுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினான். சிரிப்பு. முழங்கை இடி. “தள்ளிப் போடா” என்ற கத்தல். விளையாட்டாகிவிட்டது. சுவரோரம் ஒரு பெண் மட்டும் படுக்காமல் நின்றுகொண்டிருந்தாள். கட்டத்தையும் சிரிக்கிறவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னம்மா?” என்றேன். “இவங்க எந்திரிச்சுடுவாங்கல்ல மிஸ்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

அடிமைகளாகவோ கைதிகளாகவோ வதை முகாமில் இருந்தவர்களாகவோ யாரையும் நடிக்கச் சொல்வதில்லை என்பது அன்று வந்த விதி. கட்டத்தை இப்போதும் வரைகிறேன். 5 அடிக்கு 1 அடி 2 அங்குலம், ஒரே ஒரு கட்டம், வகுப்பின் நடுவில். யாரும் அதில் படுப்பதில்லை, மிதிப்பதும் இல்லை. பீரியட் முழுக்க அது அங்கே கிடக்கும். மணி அடித்ததும் வெளியே போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அப்படிப் போகச் சொல்லி நான் ஒருபோதும் சொன்னதில்லை.

இந்த வருடம் முதல் நாள், புது ஆறாம் வகுப்புக்குள் நுழையப் போகும்போது வாசலில் ஓர் எட்டாம் வகுப்புப் பையன் சின்னப் பிள்ளைகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் பின்னால் நிற்பது தெரியாது.

“இந்த மிஸ் முன்னாடி 14 ரூல்ஸ் வெச்சிருந்தாங்களாம். அட்டை போடலேன்னா வெளில நிக்கணுமாம்.”

“உனக்கு எப்படிடா தெரியும்?” என்றேன்.

திரும்பிப் பார்த்தான். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

“அதான் மிஸ், ‘ஆம்’ போட்டேனே.”

அந்த 14 விதித் தாள் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. இரட்டைக் கோட்டோடு. அட்டை போடாதவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. மதியம் அவனைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். மேலிருந்து கீழ் வரை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துவிட்டு, “தேதி போடலியே மிஸ் நீங்க” என்றான்.